பையன் திறந்து வைத்த விளையாட்டுக்குள் நண்பர்கள் ஏன் வர முடியவில்லை? ஒரு சிறு வரலாறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ ஆன்லைன் கேம் விளையாடினால் பொறுமையாகப் படியுங்கள். வீண் செலவு மிச்சமாகும்.

கோடை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் இது அடிக்கடி காதில் விழும் புகார். பையன் தன் கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் சர்வரைத் திறந்து வைக்கிறான். இரண்டு வட்டம் தள்ளி இருக்கும் நண்பனால் அதற்குள் வர முடியவில்லை. யூடியூப் ஓடுகிறது, ஆன்லைன் வகுப்பு ஓடுகிறது, இது மட்டும் ஓடவில்லை. "மோடம் சரியில்லை" என்று அப்பா புதிதாக ஒன்று வாங்கி வருகிறார். அதிலும் அதே கதைதான்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. ஆசிரியர் பயிற்சி முடித்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன். பக்கத்து வீட்டுப் பையன்களுக்காக இதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தபோதுதான், இது மோடத்தின் கோளாறு மட்டுமல்ல, நாற்பது ஆண்டு வரலாறு என்று புரிந்தது.

முதலில் முகவரிக் கதை.

இன்டர்நெட்டில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் முகவரி உண்டு. இன்றும் நாம் பெரிதும் நம்பியிருக்கும் அந்த ஐபி முகவரி முறையின் விதிகள் 1981 செப்டம்பரில் வெளியாயின. அதில் மொத்தமே ஏறக்குறைய 429 கோடி முகவரிகள். அந்த ஆண்டில் உலக மக்கள் தொகை சுமார் 450 கோடி. ஆளுக்கு ஒன்றுகூட வராது! ஆனால் அப்போது பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் ராணுவமும்தான் இன்டர்நெட்டைப் பயன்படுத்தின. யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற ஒரே கல்வி நிறுவனத்திடம் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் இருந்தன.

அந்தக் காலத்து இன்டர்நெட்டில் எந்தக் கம்ப்யூட்டரும் எந்தக் கம்ப்யூட்டரையும் அழைக்கலாம். மற்றவர்கள் அதை அழைக்கவும் முடியும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பிறகு நாம் இழந்தோம்.

1990களின் தொடக்கத்திலேயே முகவரிப் பஞ்சம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் ஏகவாங், பால் பிரான்சிஸ் என்ற இருவர் 'நாட்' என்ற வழியை எழுதி வெளியிட்டார்கள். வெளி உலகத்துக்கு ஒரு சில முகவரிகள் போதும், உள்ளே எத்தனை கம்ப்யூட்டர் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது அதன் சாரம். அவர்களே இதைக் குறுகிய காலத் தீர்வு என்றுதான் சொன்னார்கள். முப்பது ஆண்டு தாண்டியும் அதில்தான் காலம் தள்ளுகிறோம்.

உள்ளே பயன்படுத்தவென்றே சில எண்களை 1994இல் ஒதுக்கினார்கள். 192.168 என்று தொடங்குவது அதில் ஒன்று. நம் டவுன்ஷிப்பில் ஒரே வீட்டு எண் பல வட்டங்களில் இருப்பது போல, இந்த எண்ணும் உலகம் முழுக்கப் பல கோடி வீடுகளில் இருக்கிறது. வட்டத்தின் எண் இல்லாமல் வெறும் வீட்டு எண்ணை எழுதினால் தபால்காரர் என்ன செய்வார்?

பழைய அலுவலக டெலிபோனை நினைத்துப் பாருங்கள். உள்ளேயிருந்து யார் வேண்டுமானாலும் வெளியே பேசலாம். வெளியிலிருந்து அழைத்தால் ஆபரேட்டர் எடுப்பார். எந்த எக்ஸ்டென்ஷன் என்று தெரியாவிட்டால் இணைப்புக் கிடைக்காது. உங்கள் மோடம்தான் அந்த ஆபரேட்டர். யூடியூப் ஓடுவதற்குக் காரணம், அழைப்பு உள்ளேயிருந்து போகிறது. நண்பன் விளையாட வருவது வெளியிலிருந்து வரும் அழைப்பு.

இந்தியப் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15. அதாவது, பஞ்சத்துக்கு வைத்தியம் எழுதி ஒரு வருடம் கழித்துத்தான் நாம் பந்தியிலேயே உட்கார்ந்தோம்.

அடுத்தது காவல் கதை.

1988 நவம்பரில் ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் எழுதிவிட்ட புழு, அன்றைய இன்டர்நெட்டில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. வெளியிலிருந்து வருவதைத் தடுத்துப் பார்த்து அனுப்பும் ஃபயர்வால் அதன் பிறகுதான் பெரிதாகப் பரவியது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் லட்சக்கணக்கில் புகுந்தது. மறு ஆண்டு வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2இல் ஃபயர்வால் தானாகவே இயங்கும்படி வைத்தார்கள். ஆகவே ஃபயர்வாலைத் திட்டாதீர்கள். பட்ட பிறகு போட்ட பூட்டு அது.

மூன்றாவது கதை புதியது. பலருக்குத் தெரியாதது.

2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் பகிரப்பட்டுவிட்டன. ஆசியப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ரேஷன் முறை வந்தது. இணைப்புத் தரும் கம்பெனிகள் என்ன செய்யும்? பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரி கொடுக்க ஆரம்பித்தன. அதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன. அதாவது உங்கள் வீட்டு ஆபரேட்டருக்கு மேலே கம்பெனியில் இன்னொரு ஆபரேட்டர். அவரிடம் நாம் நேரடியாகச் சொல்லி வைக்க முடியாது.

இப்போது தீர்வு. வரிசை மாறாமல் பாருங்கள்.

1. முதலில் மோடத்தின் பக்கத்துக்குள் போய் வான் ஐபி என்ற இடத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூகுளில் 'என் ஐபி என்ன' என்று தேடி, ஏதாவது ஒரு தளம் காட்டும் எண்ணைப் பாருங்கள். பழைய முறைப்படி நான்கு பகுதியாக இருக்கும் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மேலே தொடரலாம். வேறாக இருந்து, வான் ஐபி 100.64 முதல் 100.127க்குள் இருந்தாலோ 10 என்று தொடங்கினாலோ பெரும்பாலும் மேலே இன்னொரு ஆபரேட்டர் இருக்கிறார். புது மோடம் வாங்கிப் பயனில்லை. கம்பெனியிடம் பொது ஐபி அல்லது ஸ்டாட்டிக் ஐபி கேளுங்கள். பெரும்பாலும் தனிக் கட்டணம் இருக்கும்.

2. வான் ஐபி 192.168 என்று தொடங்கினால் வீட்டிலேயே இரண்டு பெட்டிகள் ஆபரேட்டர் வேலை பார்க்கின்றன என்று பொருள். கம்பெனி தந்த பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

3. பையனின் கம்ப்யூட்டருக்கு வீட்டுக்குள் நிலையான எண் கொடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்த பிறகு அந்த எண் வேறு கருவிக்குப் போய்விடலாம்.

4. மோடத்தில் போர்ட் ஃபார்வர்டிங் என்ற இடத்தில் எக்ஸ்டென்ஷனைச் சொல்லி வையுங்கள். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு டிசிபி 25565, பெட்ராக் பதிப்புக்கு யுடிபி 19132.

5. விண்டோஸ் முதல் தடவை "அனுமதிக்கலாமா?" என்று கேட்கும்போது பிள்ளைகள் அவசரத்தில் கேன்சல் அமுக்குவார்கள். அது தடை விதியாகவே பதிவாகிவிடும். ஃபயர்வால் பட்டியலில் போய் அந்த விளையாட்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

6. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளி முகவரியைச் சோதிக்காதீர்கள். பல மோடங்கள் அதை ஏற்காது. மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பதும், டிஎம்இசட் போட்டுக் கம்ப்யூட்டரை முழுசாகத் திறந்து விடுவதும் வேண்டவே வேண்டாம். ஒருவன் உள்ளே வரக் கதவைத் திறந்தால் போதும், சுவரை இடிக்க வேண்டியதில்லை. விளையாடி முடித்ததும் அந்த விதியை நீக்கிவிடுங்கள்.

நிரந்தர வைத்தியமும் இருக்கிறது. ஐபிவி6 என்ற புதிய முறையின் முதல் விதிகள் 1995 டிசம்பரிலேயே வந்துவிட்டன. அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரலாம், தீரவே தீராது. பந்திக்குக் கடைசியில் வந்த இந்தியா இதில் உலகின் முன்வரிசையில் இருக்கிறது. 2016இல் ஜியோ தொடக்கத்திலிருந்தே இதோடு வந்தது பெரிய காரணம். ஆனால் இரண்டு பக்கமும் ஐபிவி6 இருக்க வேண்டும், விளையாட்டும் ஏற்க வேண்டும், மோடத்தின் ஃபயர்வாலும் வழிவிட வேண்டும். கம்பெனியில் இதையும் கேட்டுப் பாருங்கள்.

"விளையாட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று சிலர் கேட்கலாம். வெளியே போய்ப் பார்க்க மட்டும் தெரிந்த பிள்ளை வாடிக்கையாளன். தன் வீட்டில் ஒரு சர்வரை நிறுத்தி நான்கு பேரை வரவழைக்கத் தெரிந்த பிள்ளை, எப்படி வேலை செய்கிறது என்று கேட்கப் பழகியவன். இந்த வரிசையை நீங்கள் செய்து முடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவனையே செய்ய விடுங்கள்.

பயன்படும் என்று தோன்றினால் மற்ற பெற்றோருக்கும் பகிருங்கள்.