சந்திப்புப் புள்ளிக்குக் காவல் வந்த கதை

ஒரே நிகழ்ச்சியை ஆயிரம் பேர் நேரலையில் பார்த்தால் ஆயிரம் பிரதி அனுப்ப வேண்டுமா? வேண்டாம், ஒன்றே போதும். பாதை பிரியும் இடத்தில் ரவுட்டரே நகல் எடுத்துக் கொள்ளும். இதுதான் மல்டிகாஸ்ட். பி.காம் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? எல்லோருக்கும் திறந்திருந்த ஒரு சந்தைக்குக் காவல்காரன் வந்த கதை இது. நம்ம பாடத்துக்கு ரொம்ப தூரம் இல்லை :-)

இதை உருவாக்கியவர் ஸ்டீவ் டீரிங். 1989ல் வந்த அவருடைய ஆர்எஃப்சி 1112 ஆவணத்தில் ஒரு சுவாரஸ்யமான விதி உண்டு. கேட்க விரும்புபவர் குழுவில் சேர வேண்டும். அனுப்புபவர் சேர வேண்டிய அவசியமே இல்லை. அதாவது யார் வேண்டுமானாலும் பேசலாம்.

1994 நவம்பர் 18 அன்று ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் டல்லாஸ் கச்சேரி எம்போன் என்ற மல்டிகாஸ்ட் வலையில் ஒளிபரப்பானது. அதற்குச் சற்று முன் சிவியர் டயர் டேமேஜ் என்ற இன்னொரு குழு அழைப்பே இல்லாமல் அதே வலையில் வாசித்தது. அதைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. அப்போது எல்லோரும் சிரித்து ரசித்தார்கள்.

அந்தக் காலத்து முறையில் முதலில் எல்லாப் பக்கமும் வெள்ளம் போல அனுப்பி, வேண்டாதவர் பக்கம் பிறகு நிறுத்துவார்கள். வலை பெரிதானதும் இது கட்டுப்படியாகவில்லை. 1997ல் பிம் ஸ்பார்ஸ் மோட் ஆர்எஃப்சியாக வந்தது. அனுப்புபவரும் கேட்பவரும் முதலில் ஒரு குறிப்பிட்ட ரவுட்டரில் சந்திப்பார்கள். அதுதான் ரான்டேவூ பாயிண்ட், சந்திப்புப் புள்ளி. ஒரு நிறுவனத்தின் புள்ளி மற்ற நிறுவனங்களின் புள்ளிகளுக்கு 'எங்களிடம் புதிதாக ஒருவர் பேசுகிறார்' என்று சொல்ல எம்எஸ்டிபி என்ற நெறிமுறையும் வந்தது.

வினை 2001 ஜனவரியில் வந்தது. ராமென் என்ற புழு ரெட் ஹேட் லினக்ஸ் கணினிகளில் பரவியது. அடுத்த இரையைத் தேடி அது தற்செயலாக முகவரிகளைத் தட்டியபோது, 224ல் தொடங்கி 239 வரையிலான மல்டிகாஸ்ட் முகவரிகளையும் தட்டியது. ஒவ்வொரு தட்டலையும் சந்திப்புப் புள்ளி 'புதிய நிகழ்ச்சி' என்று நம்பி ஊருக்கெல்லாம் அறிவித்தது. புழு ஒரு தடவைக்கு எடுத்துக் கொள்ளும் தொகுதியில் 65,536 முகவரிகள்! மல்டிகாஸ்டைத் தாக்கும் நோக்கமே புழுவுக்கு இல்லை. ஆனாலும் ரவுட்டர்கள் திணறின.

எனவேதான் வடிகட்டிகள் கட்டாயமாகின. சுருக்கமாக மூன்று. ஒன்று, எந்த அனுப்புநரைப் பதிவு செய்யலாம் என்று சந்திப்புப் புள்ளியில் ஒரு பட்டியல். இரண்டு, எந்த ரவுட்டரைச் சந்திப்புப் புள்ளியாக ஏற்கலாம் என்று மற்ற ரவுட்டர்களில் ஒரு பட்டியல். மூன்று, அண்டை நிறுவனத்துடன் பரிமாறும் எம்எஸ்டிபி அறிவிப்புகளுக்கு வடிகட்டியும் உச்சவரம்பும். 2006ல் வந்த ஆர்எஃப்சி 4611 இந்த அறிவிப்பு வடிகட்டலைப் பரிந்துரைத்தது.

அதே 2006ல் ஆர்எஃப்சி 4607 வேறு வழி காட்டியது. கேட்பவரே 'இன்னார் அனுப்புவது மட்டும் வேண்டும்' என்று சொல்லிவிட்டால் சந்திப்புப் புள்ளியே தேவையில்லை. நிறுவனங்களுக்கு இடையே பழைய திறந்த முறையைக் கைவிடச் சொல்லி 2020ல் ஆர்எஃப்சி 8815 வெளியானது. ஒரே நிறுவனத்துக்குள் அது தொடரலாம்.

என் கருத்து: டீரிங்கின் விதி தவறல்ல. ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களின் வலைக்கு அது பொருந்தியது. முகம் தெரியாதவர்கள் சேர்ந்த பிறகும் அதே நம்பிக்கையில் ஓட்டியதுதான் பிரச்சினை. ஆனால் அந்தப் பட்டியலை எழுதும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?