சுவானி கால்பந்து அணி: 1899ஆம் ஆண்டுப் பருவம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கம்பர்லாந்து மேட்டுநிலத்தின் மேல் அமைந்த சிற்றூர் சுவானி. எபிஸ்கோபல் திருச்சபையார் 1857இல் தோற்றுவித்த 'யூனிவர்சிட்டி ஆஃப் த சவுத்' அங்குதான் உள்ளது. அதன் மாணவர் கால்பந்து அணி 'சுவானி டைகர்ஸ்' 1899இல் ஆடிய 12 ஆட்டங்களிலும் வென்றது. எடுத்த புள்ளிகள் 322. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தவை 10. இவற்றுள் ஐந்து வெற்றிகள் ஆறே நாள்களில், ஐந்து வெவ்வேறு ஊர்களில் கிடைத்தவை.

நாம் பழகிய உருண்டைப் பந்தாட்டம் அல்ல இது. நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்கும் அமெரிக்கக் கால்பந்து. அந்நாளில் அது இன்னும் முரட்டு ஆட்டம். பந்தை முன்னோக்கி எறிய 1906 வரை அனுமதியில்லை; மூன்று முயற்சிகளில் ஐந்து கெஜம் முன்னேற வேண்டும். எனவே ஆளோடு ஆள் முட்டித் தள்ளுவதே ஆட்டத்தின் பெரும்பகுதி. தாக்கவும் தடுக்கவும் அதே பதினொருவர்தான். எல்லைக்கோட்டைக் கடந்தால் 5 புள்ளி. அதையடுத்த உதை தவறாமல் போனால் மேலும் 1. இப்படி ஓர் ஆட்டம் ஆடியவர்களுக்கு மறுநாள் படுக்கையை விட்டு எழுவதே பெரிய காரியம்.

சுவானி அணியை ஆறு நாளில் ஐந்து ஊர்களுக்கு அனுப்பியது பணமுடை. நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு நுழைவுக்கட்டணப் பங்கு பற்றிப் பிணக்கு ஏற்பட்டு, நல்ல வசூல் தரும் அந்த ஆட்டம் அவ்வாண்டு நடக்கவில்லை. இழப்பை ஈடுகட்ட, அணியின் மேலாளராக இருந்த மாணவர் லூக் லீ தெற்கே ரயில் பயணம் ஒன்றைத் திட்டமிட்டார். போய்வரச் சுமார் 2,500 மைல். பயிற்சியாளர் பில்லி சூட்டர். தலைவர் ஹென்றி சீபல்ஸ். ஊர் ஊற்றுநீரையே பீப்பாய்களில் ஏற்றிச் சென்றார்கள் என்றும், காலணிகளை நிலையத்திலேயே விட்டுவிட்டு, பின்னர் அவற்றை வரவழைத்தார்கள் என்றும் சொல்வதுண்டு.

நவம்பர் 9இல் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 12–0 என வென்றார்கள். தலையில் அடிபட்டு ரத்தம் வழிந்தும் சீபல்ஸ் தொடர்ந்து ஆடினார். 10ஆம் தேதி ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் (10–0), 11இல் நியூ ஆர்லியன்ஸில் டுலேன் (23–0). 12 ஞாயிற்றுக்கிழமை, ஆட்டமில்லை. 13இல் பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் (34–0), 14இல் மெம்ஃபிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகம் (12–0). ஐந்து அணிகளில் ஒன்றுகூட ஒரு புள்ளி எடுக்கவில்லை. எதிரணி ஒவ்வொன்றும் சொந்த மாநிலத்திலோ அதன் அருகிலோ களமிறங்கியது. சுவானியோ ரயில் பெட்டியில் உறங்கி எழுந்து வந்து ஆடியது.

புகழ் முழுவதும் இந்த ஆறு நாள்களுக்கே போய்விட்டது. ஆனால் அந்தப் பருவத்தின் மெய்யான சோதனை நவம்பர் 30இல் மாண்ட்கமரியில் ஆபர்ன் அணியோடு நடந்த ஆட்டம்தான். ஆபர்னின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்று சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு அளிக்கும் கோப்பை அவர் பெயர் தாங்கியது. அப்பருவத்தில் சுவானி விட்டுக்கொடுத்த 10 புள்ளிகளும் அன்று போனவை. இரு அணிகளும் இரண்டிரண்டு முறை எல்லைக்கோட்டைக் கடந்தன. சுவானியின் ஓர் உதை மட்டும் குறி தப்பவில்லை, முடிவு 11–10. நடுவர்களின் தீர்ப்புகளைக் குறைகூறி ஹைஸ்மன் செய்தித்தாளுக்கே எழுதினார். இரண்டே நாளில், டிசம்பர் 2இல், அட்லாண்டாவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தை 5–0 என வென்று பருவத்தை முடித்தார்கள்.

லூக் லீ பின்னர் அமெரிக்க செனட் உறுப்பினரானார் (1911–1917). முதல் உலகப்போர் முடிந்ததும், 1919 ஜனவரியில், நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மைப் பிடித்துவர முயன்று தோற்றவரும் இவரே. சீபல்ஸ் 1973இல் கல்லூரிக் கால்பந்துப் புகழரங்கில் சேர்க்கப்பட்டார்.

பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் வளர வளர, சில நூறு மாணவர்களே பயின்ற சுவானியால் ஈடுகொடுக்க இயலவில்லை. 1932இல் 'சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்' என்னும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டித்தொடரின் நிறுவன உறுப்பினரானது. ஆனால் 1940இல் விலகும்வரை அத்தொடரில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. இப்போது அது விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்காத, கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் ஆடுகிறது.