வெடி வைத்துப் பார்த்தவர்கள்

பம்ப் ஸ்டவ் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 'உஸ்' என்று சீராக எரிந்துகொண்டிருக்கும் அடுப்பு, திடீரென்று 'பட் பட்' என்று துடிக்கும். வீட்டுப் பெண்கள் அவசரமாகக் காற்றைத் திறந்துவிட்டு விலகி நிற்பார்கள்.

மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பிய 'சாட்டர்ன் 5' ராக்கெட்டின் முதல் அடுக்கில் எரிந்ததும் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். அதன் 'எஃப்-1' எஞ்சின் ஒவ்வொன்றின் உந்துவிசை 15 லட்சம் பவுண்டு. மண்ணெண்ணெயும் திரவப் பிராணவாயுவுமாக விநாடிக்கு ஏறத்தாழ இரண்டரை டன் எரிய வேண்டும். அந்த நெருப்பு துடிக்கத் தொடங்கினால் விலகி நிற்க நேரமேது? எரியும் அறைக்குள் அழுத்த அலைகள் விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மோதும். கண்மூடித் திறப்பதற்குள் எஞ்சின் உருகிச் சிதறிவிடும்.

1962 ஜூன் 28-ஆம் தேதி, கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் அப்படித்தான் ஓர் எஞ்சின் நாசமாயிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சந்திரனில் மனிதனை இறக்குவதாக அதிபர் கென்னடி 1961-லேயே உலகறியச் சொல்லிவிட்டார். வாக்கைக் காப்பாற்ற வேண்டும். ஏறிச் செல்லும் மூவரின் உயிரையும் காப்பாற்ற வேண்டும்.

இதில் பெரிய தொல்லை, துடிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாததுதான். பத்துத் தடவை ஒழுங்காக எரிந்தது பதினோராவது தடவைக்கு உத்தரவாதமாகாது. 'ராக்கெட்டைன்' நிறுவனத்தில் பால் காஸ்டன்ஹோல்ஸ் தலைமையில் கூடிய பொறியாளர்கள் ஒரு விபரீத வழியைப் பிடித்தார்கள். துடிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல், எரிந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்குள்ளேயே சிறு வெடியை வெடித்து அதை வரவழைத்தார்கள்! கிளம்பிய அலை தானாக அடங்குகிறதா என்று கவனித்தார்கள்.

எரிபொருளைப் பீய்ச்சும் தட்டில் செப்புத் தடுப்புகளை நிறுத்தி, அதைப் பதின்மூன்று அறைகளாகப் பிரித்தார்கள், துளைகளின் அளவையும் கோணத்தையும் மாற்றினார்கள், மறுபடி வெடித்தார்கள். முழுமையான சூத்திரம் எதுவும் கைவசமில்லை. சுமார் 2,000 சோதனைகள்! கடைசியில், வெடி கிளப்பிய துடிப்பு பத்தில் ஒரு விநாடிக்குள் அடங்கியது. 1965 ஜனவரியில் அந்தத் தட்டு பறக்கத் தகுதி பெற்றது.

1967 முதல் 1973 வரை 13 தடவை சாட்டர்ன் 5 கிளம்பியது. 65 எஞ்சின்கள் எரிந்தன. பறக்கும்போது ஒன்றுகூடக் கைவிடவில்லை.

அமைதியாக எரிவதைப் பார்த்துத் திருப்தியடைந்திருந்தால் அவர்கள் வேலை எவ்வளவோ சுலபமாக முடிந்திருக்கும். தாங்கள் செய்த பொருளின் மேல் தாங்களே வெடி வைக்கத் துணிந்ததால் அல்லவா, மூன்று பேர் நம்பி ஏறி உட்கார முடிந்தது!