பிலாப் பொந்தும் பெயரற்ற சிறுவனும்: ஒரு சாட்சியின் வரலாறு

தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரிக்கும் எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பனச்சமூடு. பழைய விளவங்கோடு வட்டமும் நெய்யாற்றங்கரை வட்டமும் ஒன்றையொன்று தொடும் பகுதி அது. தென்திருவிதாங்கூர் வழக்கில் 'மூடு' என்றால் மரத்தின் அடி. பனச்சி மரத்தடி பனச்சமூடு ஆயிற்று. திருவனந்தபுரத்துப் புளிமூடும் அவ்வாறு பிறந்த பெயரே. மரத்தடியில் ஊர் கூடிற்று, சந்தை கூடிற்று, வழக்கும் பேசப்பட்டது. மரம் பட்டுப்போன பின்னும் பெயர் நின்றது. பெயர் நின்றதனாலேயே, அங்கே ஒரு மரம் இருந்தது என்று நம்புவதற்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

பனச்சமூட்டிலிருந்து மேற்கே, நெய்யாற்றின் கரையில் உள்ள நெய்யாற்றங்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இன்னொரு மரம் பாதுகாக்கப்படுகிறது. 'அம்மச்சிப் பிலாவு' என்பது அதன் பெயர். உயிர்நீங்கிய அடிமரந்தான் இன்று எஞ்சியிருக்கிறது. அதன் உள்ளே ஓர் ஆள் ஒடுங்கி நிற்கத்தக்க பொந்து உண்டு. திருவிதாங்கூர் அரசை உருவாக்கிய மார்த்தாண்டவர்மா, இளவரசராக இருந்தபோது கொலைகாரர்களிடமிருந்து தப்பி இந்தப் பொந்தினுள் ஒளிந்தார் என்பது மரபு. அவருக்கு அந்தப் பொந்தைக் காட்டியவன் ஒரு சிறுவன். துரத்தியவர்கள் மரத்தைக் கடந்து சென்றனர், இளவரசர் பிழைத்தார். பின்னாளில் அரசரானபோது, அன்று வந்த சிறுவன் கண்ணனே என்று கருதி அவ்விடத்தில் கோயில் எழுப்பினார்.

இக்கதையைக் கேட்போர் அனைவரும் இளவரசரையே நினைவில் கொள்கின்றனர். ஆனால் இதில் குற்றத்தைக் கண்ணால் கண்டவன் அந்தச் சிறுவன். ஓடிவந்தவனையும் அவன் கண்டான். ஆயுதத்தோடு தேடிவந்தவர்களையும் கண்டான். அவன் என்ன ஆனான் என்பதே இக்கட்டுரையின் வினா.

முதலில் அந்தக் காலத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மார்த்தாண்டவர்மா 1706ஆம் ஆண்டளவில் பிறந்தவர். வேணாட்டு அரச குடும்பத்தில் மருமக்கள்தாய முறை நிலவியது. அரசனுக்குப் பின் அவனுடைய மகன் அரசனாவதில்லை, சகோதரியின் மகனே அரசனாவான். ராமவர்மாவுக்கு அபிராமி என்னும் பெண்ணிடம் பிறந்த பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் தந்தையின் ஆட்சியில் தமக்கு உரிமை கோரினர். 'எட்டு வீட்டில் பிள்ளைமார்' எனப்பட்ட நாயர் பிரபுக்கள் அவர்களுக்குத் துணைநின்றனர் என்று மரபு வரலாறு கூறுகிறது. நாட்டில் அரசனின் ஆணையைவிடப் பிரபுக்களின் வாளுக்கே அஞ்ச வேண்டியிருந்த காலம் அது. 1721இல் அஞ்சுதெங்குக் கோட்டையிலிருந்து ஆற்றிங்கலுக்குப் பரிசில்களோடு சென்ற ஆங்கிலேயர் கூட்டம் கொன்றழிக்கப்பட்டபோது மார்த்தாண்டவர்மாவுக்கு ஏறத்தாழ 15 வயது. அவருடைய தாய் ஆற்றிங்கல் ராணியரில் ஒருவர். கொலையும் சூழ்ச்சியும் நிறைந்த சூழலிலேயே அவருடைய இளமை கழிந்தது. 1729இல் அவர் அரியணை ஏறினார், 1758இல் மறைந்தார்.

இத்தகைய காலத்தில், துரத்தப்பட்ட ஒருவனுக்கு ஒளிவிடம் காட்டுவது எளிய செயலன்று. இளவரசர் அன்றிரவே ஊரைக் கடந்து போய்விடலாம். சிறுவன் மறுநாளும் அதே ஊரில்தான் விழிக்க வேண்டும். அவனுடைய தந்தை அதே பிரபுக்களின் நிலத்தில் உழுபவராக இருந்திருக்கக் கூடும். வீடு அவர்களுடைய எல்லைக்குள் இருந்திருக்கக் கூடும். கண்டதைச் சொன்னால் ஒருவன் சாவான். சொல்லாமல் மறைத்தது தெரிந்தால் தன் குடும்பம் அழியும். இளம் வயதினர் ஒருவர் குற்றத்தைக் காண நேரும் கதைகள் எந்த நாட்டில் எழுதப்பட்டாலும் அவற்றின் விறுவிறுப்பு இந்த முடிச்சிலிருந்தே பிறக்கிறது. கண்டவரின் வாயை அடைக்கக் குற்றவாளி வருவானா, பெரியவர்கள் அவர் சொல்லை நம்புவார்களா என்ற இரு கேள்விகளே அக்கதைகளை நடத்திச் செல்கின்றன. நெய்யாற்றங்கரைக் கதையில் இவ்விரு கேள்விகளும் எழுவதேயில்லை. சிறுவன் தெய்வமாகிவிட்டதால் அவனுக்கு மறுநாள் என்று ஒன்று இல்லாமற்போயிற்று.

இங்கே ஓர் ஒப்பீடு உதவும். இளவரசர் தப்பிய கதைகளுள் மற்றொன்றில், கோயில் போற்றி ஒருவர் தம் உடையை அவருக்குக் கொடுத்துத் தப்பவிடுகிறார். இளவரசரின் உடையைத் தாம் அணிந்துகொண்டு கொலையுண்டு போகிறார். அக்கதையில் போற்றி போற்றியாகவே நிற்கிறார். அவரைத் தெய்வத்தின் மாற்றுருவம் என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய தியாகம் ஒரு மனிதரின் தியாகமாகவே மதிக்கப்பட்டது. உயர்குலத்தவர் அரசனைக் காத்தால் அதனை நம்புவதில் மரபுக்குத் தடை இருக்கவில்லை. மரத்தடியில் நின்ற சிறுவன் காத்தான் என்றபோதுதான் அற்புதம் தேவைப்பட்டது. அற்புதம் இன்னொரு வகையிலும் வசதியானது. மனிதனுக்குப் பட்ட கடனை அவனுடைய சந்ததிக்கு நிலமாகவோ உரிமையாகவோ திருப்பித் தர வேண்டியிருக்கும். தெய்வத்துக்குப் பட்ட கடனைக் கோயில் கட்டித் தீர்த்துவிடலாம்.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து இக்காலத்தின் கதையைச் சி.வி. ராமன் பிள்ளை (1858–1922) கையிலெடுத்தார். அவருடைய 'மார்த்தாண்டவர்மா' நாவல் 1891இல் வெளிவந்தது. மலையாளத்தின் முதல் வரலாற்று நாவலாக அது மதிக்கப்படுகிறது. பல தலைமுறை மாணவர் அதனைப் பாடமாகப் படித்தனர். அமைப்பில் அது ஒரு முதல்தரமான மர்மக் கதை. பஞ்சவன்காட்டில் வெட்டுண்டு கிடக்கும் ஓர் இளைஞனின் காட்சியோடு கதை தொடங்குகிறது. அவன் திருமுகத்துப் பிள்ளையின் மகன் அனந்தபத்மநாபன். அவனைத் தாக்கியவர் யார், ஏவியவர் யார், அவன் உயிரோடிருக்கிறானா என்ற வினாக்கள் நூல் முழுவதும் வாசகரை இழுத்துச் செல்கின்றன. பிள்ளைமாரின் உறவினளான சுபத்திரை, கிடைத்த சிறு தடயங்களைச் சேர்த்து உண்மையை நெருங்குகிறாள். அறிந்ததற்கு விலையாக இறுதியில் தன் மாமனின் கையாலேயே கொல்லப்படுகிறாள். அறிந்தவர் பிழைப்பது அரிது என்பதை நாவலாசிரியர் நன்கு உணர்ந்திருந்தார். திருவிதாங்கூர் உயர்நீதிமன்ற அலுவலகத்தில் பணியாற்றியவர் அவர். சாட்சி என்பதன் கனம் அவருக்குப் புதிதன்று.

அந்நாவலில் 'பிராந்தன் சாந்நான்' என்றொரு பாத்திரம் உண்டு. தமிழில் 'பித்துப்பிடித்த சாணான்' எனலாம். அக்கால ஆவணங்கள் சாணார் என்று குறித்த, இன்றைய நாடார் சமூகத்தைச் சேர்ந்தவனைப் போன்ற தோற்றத்துடன் அவன் காட்டிலும் வழியிலும் திரிகிறான். பிள்ளைமாரின் ஆட்கள் செய்வதையெல்லாம் பார்க்கிறான். பைத்தியம் என்றும் தாழ்ந்தவன் என்றும் எண்ணுவதால் எவரும் அவன் முன்னிலையில் எச்சரிக்கையாக இருப்பதில்லை. ஆபத்து வேளையில் இளவரசரைக் காப்பவனும் அவனே. ஆனால் முடிவில் வேடம் கலைகிறது. பஞ்சவன்காட்டில் மாண்டதாகக் கருதப்பட்ட நாயர் இளைஞன் அனந்தபத்மநாபனே அந்தச் சாணான் என்று தெரியவருகிறது.

இந்தத் திருப்பத்தின் அரசியலை அதன் காலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். நாவல் வெளிவந்த அதே 1891இல், அரசுப் பணிகளில் மண்ணின் மக்களுக்கு இடம் கேட்டு 'மலையாளி மெமோரியல்' என்னும் விண்ணப்பம் திருவிதாங்கூர் அரசரிடம் அளிக்கப்பட்டது. அவ்வியக்கத்தில் சி.வி. ராமன் பிள்ளைக்கும் பங்கிருந்தது. எட்டு வீட்டில் பிள்ளைமாரின் கதை நாயர் பிரபுக்களை அரச துரோகிகளாகக் காட்டிவந்தது. அரசனுக்காக உயிரைப் பணயம் வைத்த நாயர் வீரன் ஒருவனை அந்நாவல் அவர்களுக்கு எதிரே நிறுத்திற்று. அந்த வீரனுக்கு மேடை அமைக்க, சாணானின் செயல் ஒரு வேடமாகச் சுருங்கியது. முதலில் சாட்சி தெய்வமானான். இப்போது அவன் பிரபுவின் மகனானான்.

தென்திருவிதாங்கூர் நாடார் சமூகத்தின் நினைவு இதனை ஏற்கவில்லை. அனந்தபத்மநாபன் என்பவர் களரி ஆசானாகவும் மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவராகவும் விளங்கிய நாடார் என்று அச்சமூகத்தின் வரலாற்று மரபு உறுதியாகக் கூறுகிறது. இது வெறும் பெயர் வழக்கு அன்று. நம்பூதிரியிலிருந்து 36 எட்டு விலகி நிற்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட மக்கள் அவர்கள். அவர்களுடைய பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடிபட்டுப் போராடிய பிறகே 1859 ஜூலையில் அரசின் அறிவிப்பு வந்தது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது. இப்படி வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு, 'அரசு பிறந்த இடத்தில் எங்களவர் நின்றார். எல்லாவற்றையும் கண்டார்' என்ற கூற்று மிகப் பெரிய உரிமைக் கோரிக்கை.

மறுபக்கத்திலும் சாட்சிகள் இருந்தனர். குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டில் பாடப்படும் 'தம்பிமார் கதை' இதே நிகழ்ச்சிகளைத் தோற்றவர்களின் கண்வழியே சொல்லும் தமிழ்க் கதைப்பாடல். அரசர் தம்பிமாரின் தங்கையை மணம் கேட்டதும் அது கைகூடாமற்போனதுமே பகைக்கு வித்து என்கிறது அது. தம்பிமார் கொல்லப்படுகின்றனர், தங்கையும் உயிர்விடுகிறாள். அரண்மனை வரலாறு துரோகிகள் என்று எழுதியவர்களை வில்லுப்பாட்டு தெய்வங்களாக்கிப் பூசை செய்கிறது. எட்டு வீட்டில் பிள்ளைமார் தூக்கிலிடப்பட்ட பின் அவர்களுடைய பெண்களும் குழந்தைகளும் கடற்கரை மீனவரிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்று மரபு கூறுகிறது. 'துறையேற்றுதல்' என்று அந்தத் தண்டனையைக் குறித்தனர். அந்தக் குழந்தைகளுள்ளும் பதின்ம வயதினர் இருந்திருப்பர். தந்தை தூக்கில் தொங்கக் கண்டவர்கள் அவர்கள். அவர்கள் கண்டதைக் குற்றம் என்று பதிவு செய்ய அன்று எந்த அவையும் இருக்கவில்லை. எது குற்றம் என்பதை வென்றவர் முடிவு செய்யும்போது, தோற்றவரின் பிள்ளைகள் சாட்சிகளாகக் கருதப்படுவதில்லை.

இவ்விடத்தில் பிற்காலச் சட்டத்தை எண்ணிப் பார்ப்பது பொருந்தும். பிரிட்டிஷ் இந்தியாவில் 1872இல் இயற்றப்பட்ட சாட்சியச் சட்டம், சாட்சி சொல்ல இத்தனை வயது வேண்டும் என்று எல்லை வகுக்கவில்லை. கேட்ட கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்குப் பொருந்த விடை சொல்ல முடிந்தால் சிறுவரும் சாட்சியே என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டமும் அதே கொள்கையைத் தொடர்கிறது. சட்டம் கேட்பது புரிதலை மட்டுமே. வயதையும் குலத்தையும் அது தடையாக வைக்கவில்லை. அந்த அளவுகோலின்படி நெய்யாற்றங்கரைச் சிறுவன் முழுத் தகுதியுள்ள சாட்சி. எந்தப் பொந்தில் ஆள் ஒளியலாம் என்று அறிந்தவன் அவன். யாருக்கு அதைக் காட்ட வேண்டும், யாரிடம் மறைக்க வேண்டும் என்றும் அறிந்திருந்தான்.

அவன் எக்குலத்தவன் என்று மரபு சொல்லவில்லை. வயலில் உழைத்த, பனை ஏறிய குடும்பங்களில் ஒன்றின் பிள்ளையாக அவன் இருந்திருந்தால், தன் செயலுக்கு நன்றியாக எழுந்த கோயிலுக்குள் அவனால் நுழைந்திருக்க முடியாது. அவனுடைய பேரனாலும் முடிந்திருக்காது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச அறிவிப்பு 1936 நவம்பர் 12 அன்றுதான் வெளிவந்தது. அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, விளவங்கோடு தமிழ்நாட்டின் பக்கமும் நெய்யாற்றங்கரை கேரளத்தின் பக்கமும் சென்றன. மார்த்தாண்டவர்மாவின் கதை பாடமாகும் பள்ளிகள் எல்லைக்கு அப்பால் நின்றன. தம்பிமார் கதை பாடப்படும் கோயில்கள் இப்பால் நின்றன. ஒரே நிகழ்ச்சியின் இரு சாட்சியங்கள் இரு மாநிலங்களின், இரு மொழிகளின் சொத்தாயின.

அடிமரம் இன்றும் இருக்கிறது. அதைக் காண வருவோருக்கு யார் உள்ளே ஒளிந்தார் என்பது சொல்லப்படுகிறது. அரசரின் பிறப்பும் இறப்பும் ஆண்டுக் கணக்கோடு நூல்களில் உள்ளன; மரத்துக்கும் ஒரு பெயர் உண்டு. பொந்தை விரல் நீட்டிக் காட்டிய சிறுவனுக்கு மட்டும், கண்ணன் என்ற பெயரைத் தவிர, வேறு பெயர் இல்லை.