குறிச்சி

குறிச்சி: பெயர்ச்சொல். குறிஞ்சி நிலத்து ஊர் என்பது நிகண்டுகள் தரும் பொருள். ஆனால் விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் மலை ஏது? கறிவேப்பிலையைப் பேச்சுவழக்கிலேயே பெயரில் வைத்திருக்கும் அந்த ஊர் சமவெளியில் இருக்கிறது. ஆழ்வார்குறிச்சி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். பாஞ்சாலங்குறிச்சியோ கரிசல் பூமி. மலையூரைக் குறித்த சொல் நாளடைவில் சிற்றூருக்கே பொதுப்பெயராகியிருக்க வேண்டும். இதைச் சோதிக்க அகராதி மட்டும் போதாது. குறிச்சி என முடியும் ஊர்களை க்யூஜிஐஎஸ் என்னும் இலவச வரைபட மென்பொருளில் புள்ளிகளாக இட்டு, அடியில் நில உயரப் படலத்தை விரித்தால், மலையோரம் எத்தனை, சமவெளியில் எத்தனை என்பது கண்ணுக்கே தெரியும். தமிழாசிரியரும் புவியியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரு வகுப்பில் இதைச் செய்து பாருங்கள்.