வழி கேட்டு வந்தவர் காட்டின மலை

எங்க புஞ்சையில நின்னு பார்த்தா ஓவாமலை தெரியும். மதுரையில இருந்து மேலூர் ரோட்டுல வந்து, மாங்குளம் மீனாட்சிபுரம் பக்கம் திரும்பினா அந்த மலைதான். சின்னப் பிள்ளையில ஆடு மேய்க்கப் போவோம். வெயில் ஏறிட்டா குகைக்குள்ள போய்ப் படுத்துக்குவோம். பாறையில வழுவழுன்னு படுக்கை வெட்டியிருக்கும், தலை வைக்கிற பக்கம் கொஞ்சம் மேடா. 'பஞ்சபாண்டவர் படுக்கை'ன்னு பெரியவங்க சொல்வாங்க. பாண்டவங்க எதுக்கு எங்க ஊருக்கு வந்து படுத்தாங்கன்னு நாங்க ஒருநாளும் கேட்டதில்லை.

பத்துப் பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தர் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்து, "அண்ணே, மலைக்கு வழி எது?"ன்னு கேட்டார். "அங்க ஒண்ணுமில்லையே சார், வெறும் பாறை"ன்னேன். சிரிச்சுட்டு, "கூட வாங்களேன்"னார். களை எடுத்து முடிச்ச நேரம், போனேன்.

குகைக்கு முன்னாடி நின்னு அண்ணாந்து பார்க்கச் சொன்னார். நெத்தி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற பாறையில ஒரு காடி ஓடுது. மேல விழுற மழைத்தண்ணி உள்ள வழியாம ரெண்டு பக்கமும் ஒதுங்கிப் போறதுக்காக வெட்டினது. வரப்புல தண்ணி திருப்புற எனக்கு அது ஒரு நொடியில விளங்கிடுச்சு. நாப்பது வருசமா அதுக்குக் கீழதான் படுத்திருக்கேன், பார்த்ததில்லை. அந்தக் காடிக்குக் கீழே எழுத்து. ஆடு மேய்க்கிற பயலுக கிறுக்கினதுன்னு நான் நெனச்சிருந்த எழுத்து.

அதோட கதையை அவர் சொன்னதும், பிற்பாடு நான் படிச்சதும் சேர்த்துச் சொல்றேன். இந்தக் கல்வெட்டை 1882-ல் வெளியுலகத்துக்குக் காட்டினவர் ராபர்ட் சீவெல்ங்கற வெள்ளைக்கார அதிகாரி. அப்போ அது என்ன மொழின்னே யாருக்கும் தெளிவில்லை. 1924-ல் கே.வி. சுப்பிரமணிய அய்யர், இந்தக் குகைகள்ல இருக்கறது தமிழ்தான்னு எடுத்துச் சொன்னார். 1965-ல் ஐராவதம் மகாதேவன் அதுல 'நெடுஞ்செழியன்'ங்கற பாண்டியன் பேரைப் படிச்சார். காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு வாக்குல இருக்கும்னு அவர் கணிப்பு. நந்தன்ங்கற சமணத் துறவிக்கு, நெடுஞ்செழியனோட பணியாள் கடலன் வழுதி இந்தப் பள்ளியைச் செஞ்சு கொடுத்திருக்கார். ஆக, நாங்க படுத்தது பாண்டவர் படுக்கை இல்லை, சமணத் துறவிகளோட படுக்கை.

என்னை ஆட்டிப்போட்டது அது கூட இல்லை. அதே மலையில 'வெள்ளறை நிகமத்தோர்'னு இருக்கு. நிகமம்னா வணிகர் சங்கம். அந்த வெள்ளறைதான் இன்னைக்கு இருக்கற வெள்ளரிப்பட்டின்னு ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க. நான் தினமும் பஸ்ல கடக்கிற ஊரு! கீரைக்கட்டைத் தூக்கிக்கிட்டு மதுரைக்குப் போற வழியில, இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி ஒரு வியாபாரிகள் சங்கம் இருந்திருக்கு.

பக்கத்துல அரிட்டாபட்டி. அங்க கழிஞ்சமலையில தமிழ்பிராமி எழுத்தும் இருக்கு, முற்காலப் பாண்டியர் குடைஞ்ச சிவன் கோயிலும் இருக்கு. வல்லூறு, எறும்புதின்னி, தேவாங்கு எல்லாம் வாழ்ற இடம். 2022 நவம்பர்ல அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அரசு அறிவிச்சது.

உண்மையைச் சொல்லிடறேன். அந்த மனுசர் வர்றதுக்கு முந்தின வருசம்தான் மலையடிவாரப் புஞ்சையை விக்கிறதுக்கு ஒரு புரோக்கர்கிட்ட பேசியிருந்தேன். மேலூர் பக்கம் எத்தனையோ குன்று கிரானைட்டாப் போன காலம் அது. 'கல்லு விளையுற பூமியை வச்சு என்ன செய்யப்போறே'ன்னு பங்காளிகளே கேட்டாங்க. விலை படியலை, அவ்வளவுதான். மலையில பெய்யுற மழைதான் சுனையில தங்கி, ஊத்தாக் கசிஞ்சு, கண்மாய்க்கு வருதுங்கறது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் விக்கத் துணிஞ்சேன். வெறும் பாறைன்னு நெனச்சதுதான் காரணம்.

அதனாலதான் 2024 நவம்பர்ல டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தப்போ எனக்கு வயித்தைக் கலக்குச்சு. நாயக்கர்பட்டி தொகுதின்னு பேரு, ரெண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல, அரிட்டாபட்டியும் அதுக்குள்ள. அந்த டிசம்பர்ல சட்டசபையில எதிர்த்துத் தீர்மானம் போட்டாங்க. 2025 ஜனவரி 7-ல் மேலூர்ப் பக்கத்து ஜனம் மதுரையைப் பார்த்து நடந்துச்சு. ஜனவரி 23-ல் ஏலம் ரத்துன்னு மத்திய அரசு அறிவிச்சது. அன்னைக்கு ராத்திரி ஊர் ஊரா வெடி.

நடந்து போறப்போ பக்கத்துல வந்த ஒரு பெரியம்மா, "பாண்டவர் படுத்த மலைய்யா, விட்ருவோமா?"ன்னுச்சு. நான் திருத்தலை. பேரு எதுவா இருந்தா என்ன, அது நம்மளதுன்னு அதுக்கு என்னைவிட முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் வெளியூர்க்காரர் ஒருத்தர் வந்து காட்ட வேண்டியிருந்துச்சு.

கழிஞ்சமலையில மகாவீரர் சிற்பத்துக்குக் கீழே ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கு. அச்சணந்தி செய்வித்த திருமேனி, இதைக் காப்பாத்த வேண்டியது பாதிரிக்குடியார்னு எழுதியிருக்கு. பாதிரிக்குடிங்கறது அரிட்டாபட்டியோட பழைய பேரு. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே ஊர்க்காரன் தலையில பொறுப்பை எழுதி வச்சுட்டுப் போயிருக்காங்க.

சென்னையிலயோ பெங்களூர்லயோ இருந்து இதைப் படிக்கிறவங்க, ஊருக்கு வர்றப்போ ஒருநாள் பக்கத்து மலைக்கு ஏறுங்க. ஆடு மேய்க்கிற பயலையும் கூட்டிக்கிட்டுப் போங்க. எழுத்து எங்க இருக்குன்னு அவனுக்கும் காட்டுங்க.