பழவேற்காடு: சுவர் எழுப்பியவர்களும் முறை வைத்தவர்களும்

நீரோரத்து ஊர்கள் - 12

பழவேற்காட்டுக்கு இரண்டு வரலாறுகள். ஒன்றை டச்சுக்காரர்கள் எழுதிவைத்தார்கள். யார் வந்தார், எவ்வளவு துணி வாங்கினார், எந்தக் கப்பலில் ஏற்றினார் என்று கணக்கு பிசகாமல் எழுதிய அந்தத் தாள்கள் நெதர்லாந்தின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. இன்னொன்றை யாரும் எழுதவில்லை. குப்பத்து ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவுசெய்து, அப்பனிடமிருந்து மகனுக்கு வந்துசேர்ந்த வரலாறு அது. இந்த வாரம் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது ஊர். பேருந்தை விட்டு இறங்கினால் கருவாட்டு வாசம்தான் முதலில் வரவேற்கும். ஒருபக்கம் ஏரி, ஏரிக்கு அப்பால் மெல்லிய மணல்திட்டு, அதற்கும் அப்பால் வங்கக்கடல். இந்தியாவின் உப்புநீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்துக்குள் கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. கடல்நீர் முகத்துவாரம் வழியாக ஏறி இறங்குகிறது. இரண்டும் கலக்கும் இடத்தில்தான் இறால் வளரும், நண்டு கொழுக்கும், பூநாரைகள் வந்து இறங்கும்.

சாயவேரும் சாதிக்காயும்

விஜயநகரப் பேரரசின் காலத்தில் கிழக்குக் கடற்கரையின் முக்கியமான துறைமுகங்களில் ஒன்று பழவேற்காடு. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, இங்கே பணக்கார வணிகர்கள் நிறைந்திருந்ததையும் வண்ணத் துணிகள் குவிந்ததையும் குறித்துவைத்தார். தமிழ் பேசிய மரைக்காயர்களும் தெலுங்கு பேசிய செட்டிமார்களும் மலாக்காவுக்கும் அதற்கு அப்பாலும் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போர்த்துகீசியர் வந்து குடியேறினார்கள். அவர்கள் எழுப்பிய மகிமை மாதா ஆலயம் 1515இல் தொடங்கியது என்பது ஊரார் நம்பிக்கை.

டச்சுக்காரர்களுக்கு வேண்டியிருந்தது மிளகும் கிராம்பும் சாதிக்காயும். அவை விளைந்தது இந்தோனேசியத் தீவுகளில். அந்தத் தீவுக்காரர்களோ வெள்ளிக்காசைவிடச் சோழமண்டலக் கரையின் துணியைத்தான் விரும்பினார்கள். சாயவேரில் தோய்த்த சிவப்பு எத்தனை முறை துவைத்தாலும் மங்காது. ஆக, நறுமணப் பொருள் வேண்டுமென்றால் முதலில் துணி வேண்டும். துணி வேண்டுமென்றால் பழவேற்காட்டுக்கு வந்தாக வேண்டும். மலேசியாவில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட லுங்கிக்கு இன்றைக்கும் ‘பெலிக்காட்’ என்றே பெயர்.

1610இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர்கள் இங்கே பண்டகசாலை திறந்தார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அதை அழித்தார்கள். மறு ஆண்டே, அதாவது 1613இல், டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிவிட்டார்கள். தங்கள் நாட்டு மாநிலம் ஒன்றின் நினைவாக அதற்கு ‘கெல்டிரியா’ என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் 1690 வரை சோழமண்டலக் கரை டச்சு வணிகம் முழுமைக்கும் இதுவே தலைமையிடம். கோட்டையைச் சார்ந்து நாணயச் சாலை இருந்தது, வெடிமருந்துச் சாலை இருந்தது. இங்கே அரைத்த வெடிமருந்து பத்தாவியாவரை, அதாவது இன்றைய ஜகார்த்தாவரை, போனது.

கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு துணி வாங்க முடியாது. அதற்கு உள்ளூர் ஆள் தேவை. மலையா என்று டச்சு ஆவணங்கள் குறிப்பிடும் அச்சுதப்பச் செட்டியும் அவர் தம்பி சின்னண்ணச் செட்டியும் அந்த ஆட்கள். முன்பணம் வாங்கி நெசவாளர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள், துணியைத் தரம் பார்த்து வாங்கிக் கோட்டையில் சேர்ப்பார்கள். வரிவசூல் குத்தகை எடுத்தார்கள், சொந்தமாகக் கப்பலும் விட்டார்கள். அரசர்களுக்கும் டச்சுக்காரர்களுக்கும் தகராறு வந்தால் நடுவே நின்று பேசியவர்களும் இவர்களே. மலையா 1634இல் காலமானபோது அந்த இடத்துக்குத் தம்பி வந்தார்.

பாதிரியாரும் பத்மநாபரும்

வணிகம் நடந்த அதே ஊரில் வேறொரு வேலையும் நடந்தது. ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் 1632 முதல் பத்தாண்டுகள் பழவேற்காட்டில் இருந்தார். பத்மநாபர் என்ற பிராமணர் அவரிடம் இந்துக்களின் வழிபாடு, சடங்கு, நம்பிக்கை எல்லாவற்றையும் விளக்கினார். அதை வைத்து ரோஜேரியஸ் எழுதிய நூல் அவர் மறைந்த பிறகு 1651இல் லெய்டன் நகரில் அச்சானது. அதன் இணைப்பாக, பத்மநாபரின் விளக்கத்தைக் கேட்டு மொழிபெயர்த்த பர்த்ருஹரியின் பாடல்களும் வந்தன. ஐரோப்பிய மொழியொன்றில் சமஸ்கிருத இலக்கியம் முதன்முதலில் அச்சேறியது அப்போதுதான். கங்கைக்கரையில் நடந்திருக்கும் என்று நாம் எண்ணக்கூடிய காரியம், கருவாடு காயும் பழவேற்காட்டில் நடந்தது.

இதே கரையிலிருந்து மனிதர்களையும் ஏற்றினார்கள். பஞ்சம் வந்தால் நெல் விலை ஏறும், மனித விலை இறங்கும். பிள்ளைகளை விற்றவர்கள் உண்டு, தங்களையே விற்றுக்கொண்டவர்கள் உண்டு. 1620களிலும் 1640களிலும் பஞ்சமும் போரும் வாட்டிய நேரங்களில் பழவேற்காட்டிலிருந்தும் அதற்குத் தெற்கேயுள்ள துறைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் யாருக்கும் தெரியாது. சரக்குப் பட்டியலில் அவர்கள் ‘இத்தனை பேர்’ என்ற எண்ணிக்கை மட்டுமே.

சென்னை பிறந்த கதையில் ஒரு பங்கு

1619இல் ஐரோப்பாவில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தப்படி, ஆங்கிலேயர்கள் 1621இல் பழவேற்காட்டுக்குப் பங்காளிகளாக வந்தார்கள். கோட்டைச் செலவில் பங்கு கொடுக்க வேண்டும், ஆனால் அதிகாரம் டச்சுக்காரர்களுடையது. கூட்டு சில ஆண்டுகளிலேயே முறிந்தது. ஏரியின் வடக்கே ஆர்மகான் என்று அவர்கள் அழைத்த துர்க்கராயப்பட்டினத்தில் 1626இல் கடை விரித்தார்கள். அங்கும் சரிப்படவில்லை. அங்கிருந்த ஆங்கிலேய வணிக அலுவலர் பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடிப் போனார். 1639இல் அப்பகுதியை ஆண்ட தாமர்லா வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து ஒரு மணல்வெளியைப் பெற்றார். சென்னை பிறந்தது.

அந்த இடத்தில் ஊர் ஏற்பட்டதற்குத் தாமர்லா குடும்பத்துத் தெலுங்கு நூல் ஒன்று வேறொரு காரணம் சொல்கிறது: பழவேற்காட்டு டச்சுக்காரர்களும் சாந்தோம் போர்த்துகீசியர்களும் ஓயாமல் அடித்துக்கொண்டார்கள், அதைத் தடுக்க நடுவே ஓர் ஊரை உண்டாக்கித் தகப்பனார் சென்னப்பரின் பெயரை வைத்தார்களாம். எது முதன்மைக் காரணமோ, பழவேற்காடு இல்லாமல் சென்னையின் பிறப்பைச் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை வளர வளரத் தாய் மெலிந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 1781இல் நாகையை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டதால் டச்சுக்காரர்கள் பிற்பாடு பழவேற்காட்டுக்கே திரும்ப நேர்ந்தது. ஆனால் பழைய பெருமை திரும்பவில்லை. 1795இல் ஆங்கிலேயர் கோட்டையை எடுத்துக்கொண்டார்கள். 1806இல் இடித்தார்கள். 1818இல் ஊரை டச்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்து, 1824 உடன்படிக்கைப்படி மறு ஆண்டு நிரந்தரமாக வாங்கிக்கொண்டார்கள்.

இன்று கெல்டிரியா இருந்த இடத்தில் முட்புதரும் அகழியின் தடமும்தான். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறை மட்டும் நன்றாக இருக்கிறது. நுழைவாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே கருங்கல் பலகைகளில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் நேற்றுச் செதுக்கியவைபோல் தெளிவாக இருக்கின்றன. ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கே படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளியிருக்கும் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில், செம்புரைக்கல்லில் விரலளவு உருவங்களாகச் செதுக்கிய ராமாயணக் காட்சிகளைப் பார்ப்பவர்கள் குறைவு. மரைக்காயர் வீட்டுப் பெண்கள் பனையோலையில் முடையும் வண்ணக் கூடைகளைத் தேடி வாங்குபவர்கள் அதனினும் குறைவு.

யாருக்கு இன்று பாடு?

இனி எழுதப்படாத வரலாறு. ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில்தான் இறால் அதிகம். ஏரியில் வளர்ந்த இறால், நீர் வற்றமாக இறங்கும்போது கடலை நோக்கிப் போகும். போகிற வழியில் கழி ஊன்றி வலை கட்டினால் அள்ளலாம். எல்லாரும் அங்கேயே வலை கட்டினால்? முதல் வாரம் சண்டை வரும், அடுத்த வாரம் கொலை விழும்.

இதற்குப் பட்டினவர் என்ற மீனவச் சாதியினரின் குப்பங்கள் கண்ட வழியே ‘பாடு’. மீன்பிடிக்கும் இடத்துக்கும் அதுதான் பெயர், அங்கே இறங்கும் முறைக்கும் அதுதான் பெயர். திருமணமான ஒவ்வோர் ஆணும் ஊர்க் கணக்கில் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. எந்த ஊருக்கு எந்த நாள், எந்தக் குழுவுக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். முறை இல்லாத நாளில் வலையை எடுத்துக்கொண்டு அங்கே போகக் கூடாது. போனால் ஊர்க்கூட்டம் கேட்கும், அபராதம் விதிக்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் நீரோட்டம் வலுக்கும், வலையும் நிறையும். அந்த நாட்களின் முறை யாருக்கு என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்கும். நல்ல இடம் பணக்காரருக்கே போய்ச் சேராமலும், ஒரே இடத்தில் வலை குவியாமலும் இந்த ஏற்பாடு பார்த்துக்கொண்டது.

குறை இல்லாத முறை என்று சொல்வதற்கில்லை. பட்டினவர் அல்லாதவருக்குப் பாட்டில் பங்கு கிடையாது. ஏரியை நம்பி வாழும் தலித் மீனவர்களும் இருளர்களும் ஓரத்து நீரோடு நிற்க வேண்டியதுதான். இருளப் பெண்கள் மார்பளவு நீரில் குந்தியபடி நகர்ந்து, சேற்றை இரண்டு கையாலும் தடவி இறால் பிடிப்பார்கள். ஓலைப் பறியின் கயிறு பல்லிடுக்கில் இருக்கும். பிடித்த இறாலைப் பறிக்குள் போட்டுவிட்டுக் கை மறுபடி சேற்றுக்குள் போகும். வலை இல்லை, படகு இல்லை, சீட்டும் இல்லை. இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை ஏறியபின், 1970களிலிருந்து, பங்கு கேட்டவர்கள் பெருகினார்கள். மோதல்களும் பெருகின. தண்ணீரை நியாயமாகப் பிரித்த ஊர், அந்த நியாயத்தைத் தன் சாதிக்குள் நிறுத்திக்கொண்டது. இதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

வாய் அடைத்தால்

டச்சுக்காரர் போனதால் ஊர் அழிந்துவிடவில்லை; ஏரி இருந்ததால் பிழைத்தது. பக்கிங்காம் கால்வாய் வந்தபின் ஸ்ரீஹரிகோட்டா விறகு இந்த ஏரி வழியே படகில் சென்னைக்குப் போய் அடுப்பெரித்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்து 1971இல் முதல் ஏவுதல் நடந்தது. இன்றும் ஏவும் நாளில் மீனவர்கள் அந்தக் கடற்பகுதிக்குப் போகக் கூடாது.

இப்போதைய கவலை முகத்துவாரம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த மணல் ஏரியின் வாயில் குவியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் திரண்டு வந்தால் திட்டை உடைத்துக்கொண்டு வழி பிறக்கும். மழை பொய்த்தால் வாய் அடைபடும். கடல்நீர் வராது, இறால் குஞ்சு உள்ளே ஏறாது, கோடையில் ஏரி உப்புக்களமாகும், படகு கடலுக்குள் போக முடியாது. பல ஆண்டுகள் மீனவர்களே கைக்காசு போட்டு மணலை வெட்டி வழிவிட்டிருக்கிறார்கள். வாய்க்கு இருபுறமும் கல் தடுப்பு அமைத்து நிரந்தரமாகத் திறந்துவைக்கும் வேலையை அரசு கையிலெடுத்திருக்கிறது. இன்னொரு பக்கம், தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் கரை அரிப்பையும் மணல் ஓட்டத்தையும் எப்படிப் பாதிக்குமோ என்று குப்பங்கள் அஞ்சுகின்றன, எதிர்க்கின்றன.

கோட்டை இரண்டு நூற்றாண்டுகூட முழுதாக நிற்கவில்லை. நாணயச் சாலை போயிற்று, வெடிமருந்துச் சாலை போயிற்று. சீட்டுப் போட்டுத் தண்ணீரைப் பிரித்துக்கொண்ட பழக்கம் இன்னும் இருக்கிறது. பழவேற்காட்டின் மரபுச் சின்னம் எது என்று கேட்டால், கல்லறையோடு இந்தப் பாட்டையும் சேர்த்தே சொல்வேன். ஏரியைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் பட்டினவர்களும், அவர்களால் ஒதுக்கப்பட்டவர்களும், சேற்றைத் தடவி இறால் எடுக்கும் பெண்களும் உட்கார வேண்டும். அவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் போடும் எந்தத் திட்டமும் அந்த ஏரியைப் புரிந்துகொண்டதாகாது.

பழவேற்காடு போகிறவர்கள் கல்லறையோடு திரும்பிவிடாதீர்கள். படகுத்துறைக்குப் போய், ‘இன்றைக்கு யாருக்குப் பாடு?’ என்று கேளுங்கள். ஊரின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவார்கள்.

(அடுத்த இதழில்: வீராணம் ஏரியும் காட்டுமன்னார்கோயிலும்)